எழுத வரும், படிக்க வராது

டாக்டர்களின் கிறுக்கலைப் படிப்பதில் மருந்துக்கடை அக்காவை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தான் எழுதியது தனக்கே புரியாமல் ஒரு டாக்டர் அவளிடம் ஆள் அனுப்பிக் கேட்டார் என்று கடைக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நிஜமா என்று யாரும் விசாரித்ததில்லை.

ஐம்பத்திரண்டு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் முதல் சீட்டை வாங்கிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. கிறுக்குவதற்கும் ஓர் அளவு வேண்டாமா என்று முனகிக்கொண்டே அலமாரியைப் பார்த்தாள். அச்சடித்த பெட்டிகளிலும் அதே கதிதான். கோடும் வளைவும் தெளிவாகத் தெரிந்தன, எழுத்தாகச் சேரவில்லை. 500 என்ற எண் மட்டும் பளிச்சென்று புரிந்தது.

பழக்கத்தில் கை ஒரு நீலப் பெட்டியை எடுத்துவிட்டது. எதிரே நின்ற பெரியவர் பையை விரித்தார். அதே நீலத்தில் இன்னும் மூன்று பெட்டிகள் இருப்பது அவளுக்கு நினைவு வந்தது. பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டு, வேறு கடைக்குப் போகச் சொன்னாள்.

கடைக்காரர் இன்னும் வரவில்லை. ஒரு தாளில், 'எனக்குப் படிக்க வரவில்லை' என்று அவருக்கு எழுதி வைத்தாள். சரியாக எழுதினோமா என்று பார்த்தாள். தான் எழுதியதே அவளுக்குப் புரியவில்லை. எண்கள் கைகொடுத்ததால், கடைசல் பட்டறையில் இருந்த கணவனுக்கு போன் போட முடிந்தது.

மூளையின் பின்பக்கத்தில் சின்ன அடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில். பார்வை இருக்கிறது, பேச்சு இருக்கிறது, எழுதவும் வரும். கண்டதை எழுத்தாக அறிகிற வழி மட்டும் அறுந்துவிட்டதாம்.

கணவன் நல்லெண்ணத்தில், குழந்தைகளுக்கான அட்டை ஒன்றை வாங்கி வந்து 'அ'வைக் காட்டினான். அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் படிக்கப் பயிற்சி கொடுத்த பெண் வேறு வழி பார்த்தாள். கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கையில் விரலால் எழுதினாள். "க" என்றாள் அக்கா, யோசிக்காமலே. பிறகு தாளில் இருந்த எழுத்துகளின் மேல் தானே விரலை ஓட்டினாள். 'கதவு' என்று படிக்க ஒரு நிமிஷம் ஆனது. அன்று வீடு திரும்பும் வழியில் கடைப் பலகைகளைப் பார்த்துத் தொடையில் விரலால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள்.

ஐந்து மாதம் கழித்துக் கடைக்காரர் வீடு தேடி வந்தார். "திரும்பக் கடைக்கு வாங்கக்கா. மெதுவாவே படிங்க. அவசரம் இல்ல."

"விரலால தடவித் தடவி மருந்து கொடுக்கிறதா? ஒரு எழுத்து மாறினா ஒரு உயிர்."

கடைசியில், சீட்டைக் கடைக்காரரின் மனைவி படித்து மருந்தெடுப்பது, எதை எப்போது எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அக்கா சொல்வது என்று முடிவானது. முதல் வாரம் ஒவ்வொரு சீட்டுக்கும் கை தானாக நீண்டது. மடக்கிக்கொண்டாள்.

காலையில் கணவன் பேப்பரை உரக்கப் படிப்பான். ஒருநாள் அவன் பக்கத்தைச் சட்டென்று திருப்புவதைக் கவனித்து, அதை இழுத்து வைத்துத் தலைப்பின் மேல் விரலை ஓட்டினாள். காப்பி ஆறும்வரை ஆனது. மூளையில் வரும் அடைப்பைப் பற்றிய செய்தி.

"இதை ஏங்க விட்டுட்டீங்க?"

"கண்ணுல படல."

"உங்களுக்குமா?" என்றாள் அவள்.