எட்டு நூலும் ஒரு விளக்கும்

சிக்கதாயம்மாவுக்குக் காது கேட்காது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் தொட்டபள்ளாப்பூரில் இந்த விஷயம் அவளைத் தவிர வேறு ஒருத்தருக்கும் தெரியாது.

பதினாறு வருஷம் பட்டுத் தறிக்கூடத்தில் கிடந்தவள். ஒரு தகரக் கொட்டகைக்குள் நாற்பது விசைத்தறி. தொண்டை கிழியக் கத்தினாலும் அடுத்த தறிக்குப் போய்ச் சேராது. எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். சண்டையும் அப்படித்தான், கல்யாணப் பேச்சும் அப்படித்தான். காது எந்த வருஷம் போனது என்று அவளுக்கே தெரியாது. தறிக்கூடத்தை மூடிவிட்டு எல்லோரையும் வெளியே அனுப்பிய அன்று, பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, ஊரில் இன்றைக்கு ஏன் ஒரு பஸ்ஸும் ஹாரன் அடிக்கவில்லை என்று யோசித்தாள். அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் சட்டை தைக்கிற கம்பெனியில் ஆயா வேலை. கேட்ட கேள்விக்கெல்லாம் உதட்டைப் பார்த்துப் பதில் சொன்னாள், சேர்த்துக்கொண்டார்கள். பதினோரு வருஷம் ஓடிவிட்டது. பெண்கள் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷினில் குனிந்திருப்பார்கள். அவர்கள் பெற்றதெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம், அவர்கள் தாயக்கா என்று கூப்பிடும் இவளிடம். கண்ணும் காதும் சரியாக உள்ளவர்தான் குழந்தைகளைப் பார்க்கலாம் என்று விதிப்பலகை வாசலிலேயே தொங்குகிறது. தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு. ஐம்பத்து மூன்று வயதுச் செவிட்டு ஆயாவை வேறு எந்தக் கம்பெனி கேட்டுக்குள் விடும்?

சரி, காது கேட்காதவள் பதினோரு வருஷம் எப்படி ஓட்டினாள்?

கூரையில் ஒரு நீள இரும்புக் குழாய். அதில் எட்டுச் சேலைத் தூளி. ஒவ்வொரு தூளியின் அடியிலிருந்தும் ஒரு முறுக்கு நூல், அவள் உட்காரும் இடத்தில் இருக்கும் பலகைக்கு வரும். பலகையில் எட்டு ஆணி. உட்கார்ந்த இடத்திலிருந்தே தூளியை ஆட்டுவதற்கு என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஆட்டத்தான், யார் இல்லை என்றது? ஆனால் வலது கை கேழ்வரகு மாவைச் சலிக்கும்போதும், துணி மடிக்கும்போதும், இடது கை விரல்கள் அந்த நூல்மேலேயே இருக்கும். தறியில் அறுந்துபோகிற இழையை, அறுவதற்கு முன்னாலேயே விரலால் கண்டுபிடித்தவள் அவள். பசித்த குழந்தை காலைச் சின்னதாய், வேகமாய், விடாமல் உதைக்கும். ஈரம் என்றால் இடுப்பு நெளியும். தூக்கத்துக்கு அழுகிறது தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்க்கும். வலி என்றால் உடம்பு விறைத்து நூல் இழுபட்டு அப்படியே நிற்கும். அப்போது மட்டும் தாயக்கா எழுந்து ஓடுவாள்.

இப்படி இருக்கையில்தான் பெங்களூரில் மெஷின் செய்கிற ஒரு கம்பெனி அனுப்பி மேதினி வந்தாள். ஷிமோகாப் பெண், ஒல்லி, இருபத்தாறு வயது. கையில் டிபன் கேரியர் அளவுக்கு ஒரு பெட்டி.

“குழந்த அழுற சத்தத்தக் கேட்டு, அது எதுக்கு அழுவுதுன்னு இந்தப் பெட்டி சொல்லும் தாயக்கா. ஆனா அதுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்.”

“நானா? நான் நாலாங் கிளாஸும்மா.”

“இது அதுகூடப் படிக்கல.”

எந்தத் தூளி, பசியா, ஈரமா, தூக்கமா, வலியா என்று அமுக்க ஒரு பட்டன் பலகை கொடுத்தாள். பெட்டியின் முகத்தில் ஒரு விளக்குப் பட்டை இருந்தது. சத்தம் ஏறினால் வெளிச்சம் ஏறும், இறங்கினால் இறங்கும். பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க வைத்தது, அவ்வளவுதான்.

தாயக்கா அதைப் பார்த்தபடியே இருந்துவிட்டாள். மூன்றாம் தூளிக் குழந்தை வாயைத் திறந்தது. விளக்கு குபீரென்று உச்சிக்குப் போனது. மூச்சு வாங்கியது, விளக்கு அணைந்தது. மறுபடி உச்சி. ஓரத்தில் இன்னொன்று தும்மியது, அதற்கு ஒரு சின்னப் பொட்டு வெளிச்சம். ஒரு பிள்ளை சிரித்தபோது விளக்கு படபடவென்று துடித்தது. சிரிப்பு இப்படியா இருக்கும்! பதினோரு வருஷமாய் இவளைச் சுற்றி இத்தனை நடந்திருக்கிறது. வாயில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுப்பில் வைத்த கஞ்சி அடிபிடித்ததுகூடத் தெரியவில்லை.

ஒன்றுதான் புரியவில்லை. எட்டும் தூங்கிய பிறகும் விளக்கு அடிமட்டத்தில் மெதுவாக அசைந்துகொண்டே இருந்தது. பெட்டிக்கு ஏதோ கோளாறு என்று நினைத்தாள். கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று கேட்கவில்லை.

இரண்டு மாதம் போனது. பெங்களூரில் மேதினி மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியில் அழுகை பதிவாகிற நேரமும் தாயக்கா பட்டனை அமுக்குகிற நேரமும் ஒட்டவே இல்லை. குழந்தை அழுவதற்கு ஏழு எட்டு விநாடி முன்பே பட்டன் அமுங்கியிருந்தது. ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, நூற்றுக்கணக்கில். காரணமும் சரியாக இருந்தது. கடிகாரம் பழுது என்று இரண்டு முறை மாற்றிப் பார்த்தாள். அப்படியேதான் வந்தது. போதாக்குறைக்கு ஒரு திங்கட்கிழமை, தூளியில் இல்லாமல் தாயக்காவின் முதுகுக்குப் பின்னால், பெட்டி இருந்த பக்கமே, பாயில் கிடந்த லிகித் என்ற பிள்ளை நாலு நிமிஷம் வீறிட்டு அழுதிருக்கிறது. பட்டன் அமுங்கவே இல்லை.

புதன்கிழமை மேதினி சொல்லாமல் வந்தாள். தாயக்காவுக்குப் பின்னால் நின்றாள்.

“தாயக்கா.”

திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். கையைத் தட்டினாள். பிள்ளை ஒன்று விழித்துச் சிணுங்கியதுதான் மிச்சம். மேதினி ஆணிப் பலகைப் பக்கம் குனிந்தாள். குழந்தை இல்லாத எட்டாம் தூளியின் நூலை ஒற்றை விரலால் லேசாகத் தொட்டாள்.

தாயக்கா சட்டென்று திரும்பினாள். “எட்டுல இன்னிக்குப் புள்ளையே இல்லையே, யாரு...” என்றவள் மேதினியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

மேதினி சுற்றி முன்னால் வந்தாள்.

“எத்தன வருஷமா?” என்றாள் மேதினி, உதடு தெரிகிறமாதிரி நேரே உட்கார்ந்து.

“தறிக்குக் குடுத்துட்டு வந்தேன். சொல்லிடுவியா?”

“நான் சொல்லவே வேணாம் தாயக்கா. வாரக் கணக்கு உங்க மேனேஜர் ருத்ரேஷ் சாருக்குத் தன்னால போயிடும். அந்த நாலு நிமிஷம் வெள்ளிக்கிழமை அவர் மேஜையில இருக்கும். வேணும்னா அந்த வரிய அழிச்சிட்டு அனுப்பறேன்.”

தாயக்கா பாயைப் பார்த்தாள். “அழிக்காத. நான் திரும்பிப் பாக்கறப்போ அது அழுது அழுது விக்கிட்டுக் கெடந்துச்சு. அன்னிக்கி ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. அது பொய்யாயிடுமா?” அப்புறம் மேதினியின் கையை இழுத்து நூல்மேல் வைத்தாள். “இத மட்டும் பாத்துட்டுப் போ.”

முதலில் ஒன்றும் இல்லை. வெறும் நூல். பிறகு, வெகு தூரத்தில் யாரோ நடப்பதுபோல, விரல் நுனியில் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம்.

“என்ன இது?”

“மூச்சு. ரெண்டாம் தூளி. அவ மூக்கடைச்சிருக்கா, அதான் வெட்டி வெட்டி வருது.”

மேதினி கையை எடுக்கவில்லை. கண்ணில் நீர் நிறைந்து நின்றது. கோடிக்கணக்கில் செலவழித்து மனுஷன் மனசைப் படிக்க மெஷின் கட்டுகிறவர்கள் நடுவில் வேலை பார்க்கிறவள். இங்கே ஒருத்தி மிச்ச நூலில் அதைக் கட்டி வைத்திருக்கிறாள், ஆணி அடித்து.

வெள்ளிக்கிழமை ருத்ரேஷ் வந்தார். கம்பெனியில் ஆள் எடுப்பதும் நீக்குவதும் அவர்தான். கையில் அந்தத் தாள்.

“ஏன் தாயம்மா, புள்ள நாலு நிமிஷம் கத்தியிருக்கு. நீ என்ன மகாராணி மாதிரி உக்காந்திருந்தியா?”

“எனக்குக் காது கேக்காது சார்.”

வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள். ருத்ரேஷ் மேதினியைப் பார்த்தார், நூல் பலகையைப் பார்த்தார்.

“கேக்காதுன்னா? பதினோரு வருஷமா என்கிட்டப் பேசிக்கிட்டுதானே இருக்க?”

“உங்க மீசைய மட்டும் கொஞ்சம் கத்தரிச்சீங்கன்னா இன்னும் நல்லாப் புரியும் சார்.”

மேதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். ருத்ரேஷுக்கு வரவில்லை. “விளையாட்டு இல்ல இது. நாளைக்கி ஒரு புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தத் தாய்க்கு நான் என்ன பதில் சொல்றது?”

“வேலைய விட்டு அனுப்புங்க சார், நான் வேணாம்னு சொல்லல. ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டு அனுப்புங்க.”

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். விரலை நூல்களின்மேல் வைத்தார். அவருக்கு என்ன தெரியும்? தாயக்கா தன் விரலையும் பக்கத்தில் வைத்துக் கண்ணை மூடினாள்.

“அஞ்சு. பசி. இப்ப அழுவான்.”

அறையில் சத்தமே இல்லை. ருத்ரேஷ் உதட்டைப் பிதுக்கினார். “எங்க அழு...”

ஐந்தாம் தூளி வீறிட்டது. விளக்கு உச்சிக்குப் போனது. ருத்ரேஷின் விரல் நூலிலேயே இருந்தது. அந்தக் குட்டிக் கால்கள் உதைக்கிற உதை இப்போது அவருக்கும் தெரிந்தது. யாரோ கதவைத் தட்டுகிறமாதிரி. அவர் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

“ஒண்ணு. ஈரம்,” என்றாள் தாயக்கா, கண்ணைத் திறக்காமலே. அதுவும் அழுதது.

இரண்டு குழந்தைகளையும் கவனித்துப் போட்டுவிட்டு அவள் வரும்வரை ருத்ரேஷ் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு நூலாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், பிள்ளைமாதிரி.

கடைசியில் மேதினியைப் பார்த்து, “அந்த விளக்க இவ கண்ணுக்கு நேரா சுவத்துல மாட்டு. பாயில கெடக்கிறதுக்கு அது. தூளிக்கு இவ. அப்படி எழுதிக் குடு, மேல நான் பேசிக்கறேன்,” என்றார். தாயக்கா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மேதினி அப்போதே விளக்கைச் சுவரில் மாட்டினாள். எட்டும் தூங்கின. விளக்கு அடிமட்டத்தில் மெதுவாக அசைந்தது. இனி பயம் என்ன? தாயக்கா கேட்டே விட்டாள்.

“ஏம்மா, எல்லாம் தூங்குது. அப்புறமும் இது ஆடுதே. கெட்டுப்போச்சா?”

மேதினி தயங்கினாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ருத்ரேஷ் திரும்பி, மீசையை விரலால் ஒதுக்கி, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னார்:

“அது நீதான். ‘ஜோ ஜோ’ன்னு நாள் பூரா தாலாட்டு முனகுற. ஆபீஸ் வரைக்கும் கேக்கும். அதுல சுருதின்னு ஒண்ணு கெடையவே கெடையாது. காது கேக்கிறவ எவளாவது அப்படிப் பாடுவாளா? எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்.”

தாயக்கா விளக்கைப் பார்த்தாள். வாயை இறுக மூடினாள். விளக்கு நின்றது. கொஞ்சம் திறந்தாள். அசைந்தது.

சாயங்காலம் பிள்ளைகளைத் தூக்கிப் போக வந்த பெண்கள், தாயக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்து, குரலை ஏற்றியும் இறக்கியும், வெளிச்சத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் விளங்காமல் நின்றார்கள். ஒரு பிள்ளையும் அழவில்லை.