நாற்பது கிலோ கண்ணாடி, நாலு இழை

தன் மருமகளுக்குக் கண்ணாடி தொங்கவிடும் வேலை என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தார். கேட்டவர்கள் குளியலறையில் கண்ணாடி மாட்டுகிறவள் என்றே நினைத்துக்கொண்டார்கள். அவளும் திருத்தப் போகவில்லை.

எங்கோ வெகு தொலைவில் இரண்டு கனத்த விண்மீன்கள் மோதினால் ஓர் அலை கிளம்பும். அது இங்கே வரும்போது தூரங்களையே துளியிலும் துளியாக நீட்டிச் சுருக்கும். அதைப் பிடிக்கத்தான் அவள் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் இரண்டு நீளக் குழாய்கள் போட்டு, உள்ளே லேசர் ஒளியை விட்டு, முனையிலுள்ள கண்ணாடிகளில் பட்டுத் திரும்ப வைத்தார்கள். அந்தக் கண்ணாடி எதன்மேலும் உட்காரக்கூடாது. உட்கார்ந்தால் ரோட்டில் போகிற லாரியின் நடுக்கமெல்லாம் அதில் ஏறிவிடும். ஆகவே தலைமுடியைப் போல நாலைந்து மடங்கே தடித்த நாலு கண்ணாடி இழைகளில் அதைத் தொங்கவிட வேண்டும். இழையை உருக்கி இழுப்பதும் மாட்டுவதும் அவள் பொறுப்பு. முன்பு சோதனைக்குழாய் செய்யும் கம்பெனியில் கண்ணாடி ஊதிப் பழகிய கை.

முதல் கண்ணாடியை மாட்டிவிட்டு, அடியில் முட்டுக்கொடுத்திருந்த தாங்கியை இறக்க அதன் திருகை மெதுவாகத் திருகினாள். பாரம் இழைகளுக்கு மாறிக்கொண்டிருந்தது. பட்டென்று ஒரு சத்தம். ஓர் இழை போனது. அடுத்த கணம் மற்ற மூன்றும் போயின. கண்ணாடி விரலளவு சரிந்து தாங்கியில் உட்கார்ந்தது. பல மாதம் உழைத்து இழுத்த இழைகள் தூளாகிக் கிடந்தன. குழுத்தலைவர் குனிந்து பார்த்தார், திட்டவில்லை, வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வீட்டில் மாமியார் தையல் மெஷினில் யாருடைய பேண்டுக்கோ ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, முகமே சரியில்ல?"

"இழை அறுந்துபோச்சு அத்தை. கண்ணாடி விழுந்துடுச்சு."

"உடைஞ்சிடுச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? நூல் அறுந்தா திரும்பக் கோக்க வேண்டியதுதான். முதல்ல கை கழுவிட்டு வந்து சாப்பிடு."

முதலில் அவளுக்குச் சுர்ரென்று வந்தது. தட்டின் முன் உட்கார்ந்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் அறுந்த துண்டை நுண்ணோக்கியில் வைத்தபோது, முறிந்த இடத்தில் ஒரு தூசி ஒட்டியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். புது இழைகள் இழுத்தார்கள். ஒவ்வொன்றிலும் எடை கட்டி, மூடிய அலமாரியில் நாள்கணக்கில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். மறுபடி மாட்டும் நாளில், இந்த முறை வேறு யாராவது திருகட்டுமே என்று அவள் தயங்கினாள்.

"நீங்கதான் திருகணும்," என்றார் குழுத்தலைவர். "உங்க கையை நான் பார்த்திருக்கேன்."

திருகினாள். கண்ணாடி தொங்கியது. யாரும் மூச்சுவிடவில்லை, பிறகு எல்லோரும் ஒன்றாக விட்டார்கள்.

அதன்பின் குழாயின் காற்றை உறிஞ்சியெடுத்து ஒளியை விட்டுச் சோதித்தார்கள். ஒளி வாரக்கணக்கில் அலைபாய்ந்தது. பம்பின் இரைச்சல், ஏசியின் முனகல் என்று ஒவ்வொன்றாகத் தேடி அடக்கினார்கள். ஒரு மதியம் ஒளி அசையாமல் நின்றது. திரையில் நடுக்கத்தைக் காட்டும் இரைச்சல் கோடு, இதற்குமுன் அங்கிருந்த பழைய கருவி எட்டிய அளவுக்கும் கீழே இறங்கியது. அதிகம் வாய் திறக்காத குழுத்தலைவர் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி எல்லோருக்கும் டீ ஊற்றினார்.

அடுத்த வருடம் அந்தக் கருவியில் முதல் அலை சிக்கியது. அன்று மாலை வீட்டில் அவள் அதைச் சொன்னபோது மாமியார் அவளுக்கொரு சட்டை தைக்க அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் வந்துச்சு?"

"கண்ணு சிமிட்டுற நேரம்தான் அத்தை."

"அதுக்கா இத்தனை வருஷம்?"

"அதுக்குத்தான்."

மாமியார் டேப்பை உதறி, கையை நீட்டச் சொன்னார். அவளும் சிரித்தபடி நீட்டினாள்.