கவரைப் பிரிப்பதற்கு முன்னால்

சலவைக்கடையில் அவளுக்கு நம்பர் அக்கா என்று பேர். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, ஓட்டல் ஆட்களின் சட்டை, பள்ளிக்கூடத் திரைச்சீலை என்று ஒரு நாளைக்கு ஆயிரம் உருப்படி வந்து விழுகிற கடை அது. வெளுத்து வந்த பிறகு எது யாருடையது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. அதனால் துணி தண்ணீரைத் தொடும் முன்பே, விரல் நகமளவு நாடாவில் அழியாத மையால் எண் எழுதி, ஓரத்திலோ காலருக்கு உள்பக்கமோ நாலு தையல் போட்டுவிடுவாள். பதினோரு வருஷமாக அதே ஜன்னலோரம், அதே மர நாற்காலி. இத்தனை வருஷத்தில் அவள் கையில் உருப்படி மாறியது ஒரே ஒரு தடவைதான். அதை இடம் வரும்போது சொல்கிறேன்.

கட்டியவன் கப்பல் பட்டறையில் வெல்டர். மூன்று மாதம், நான்கு மாதம் என்று வெளியூரில் கிடப்பான். லீவு கிடைத்தால் வருவான். கல்யாணமாகி ஐந்து வருஷம். குழந்தை இல்லை என்கிற குறை இருந்ததே தவிர, ஒருவர் மேல் ஒருவருக்குக் குறை இருந்ததில்லை.

இந்தத் தடவை அவன் பத்து நாள் லீவில் வந்துவிட்டுப் போனான். போன கொஞ்ச நாளில் அவளுக்கு சோப்பு வாசனை ஆகாமல் போயிற்று. பதினோரு வருஷம் சோப்பு நுரைக்குள்ளேயே வாழ்ந்தவளுக்கு அதைக் கண்டாலே குமட்டியது. இஸ்திரி போடுகிற பெரியவர்தான் முதலில் கண்டுபிடித்தார். "நம்பரம்மா, நான் அஞ்சு பிள்ளை பெத்தவன். என்கிட்ட மறைக்க முடியாது" என்றார். "பெத்தது உங்க சம்சாரம்" என்று அவள் சொல்ல, "சரி, பக்கத்துல நின்னேன்" என்றார்.

பட்டறை வேலை முடிந்து அவன் ஒரேயடியாக வீடு திரும்பியதும் இரண்டு பேரும் போய் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்பது வாரம் என்று தாளில் போட்டிருந்தது. அவன் அதை மடிக்காமல், கசங்காமல், இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான். நேரே பக்கத்து போர்ஷனில் இருக்கிற தன் அக்காவிடம் கொண்டுபோனான். தாய் இல்லாத பிள்ளையை அந்த அக்காதான் வளர்த்தவள். அவள் சொன்னால் அவனுக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தாள். பிறகு சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பென்சிலால் வாரம் வாரமாகப் பின்னால் எண்ணினாள்.

"தம்பி, நீ லீவுல வந்து எத்தனை வாரம் ஆச்சு?"

"ஏழு இருக்கும்க்கா."

"இதுல ஒன்பதுன்னு போட்டிருக்கே. ஒன்பதுன்னா இங்க வருது." பென்சில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டது. "அன்னைக்கு நீ பட்டறையிலதானே இருந்தே?"

அவ்வளவுதான். அந்த வட்டமே போதுமாக இருந்தது.

மறுநாள் நம்பர் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸைக் கேட்டாள். நர்ஸ் சிரித்துவிட்டாள். "கடைசியா மாதவிலக்கு வந்த நாள்லேர்ந்துதாம்மா வாரம் எண்ணுவோம். கரு தங்கறதுக்கு முன்னாடியே ரெண்டு வாரம் கணக்குல ஏறிடும். எல்லாருக்கும் அப்படித்தான்."

அவள் ஓடாத குறையாக வந்து வீட்டில் சொன்னாள். நாத்தனார் காது கொடுத்துக் கேட்டாள். கேட்டுவிட்டு, "வயித்துலயே இல்லாத குழந்தைக்கு ரெண்டு வார வயசா? நல்ல கணக்கும்மா. நர்ஸு உனக்குத் தெரிஞ்சவளோ?" என்றாள்.

நாத்தனார் பேசியது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசுகிறவர்கள் எங்கும் உண்டு. புருஷன் ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனானே, அதுதான் தைத்தது. அவன் திரும்பி வந்ததும் கேட்டாள்.

"சந்தேகமா இருக்கா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"சந்தேகம்னு இல்ல. மனசு ஒரு மாதிரியா இருக்கு."

"அதுக்குப் பேருதான் சந்தேகம்."

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து சாமி படத்துக்கு முன்னால் நின்றாள். ஐந்து வருஷம் குழந்தை கேட்டு நின்ற அதே இடம். 'ஆண்டவனே, நீ கொடுத்ததை நீ அறிவாய். இது முடிகிற வரைக்கும் எனக்கு அழுகை வராமல் மட்டும் பார்த்துக்கொள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று வேண்டிக்கொண்டாள். வேண்டி முடித்தபோது அவளுக்குத் தெளிவாகிவிட்டது. பிறக்கப் போகிற குழந்தை அந்தப் பென்சில் வட்டத்தைத் தலையில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போகக் கூடாது.

டாக்டரம்மாவிடம் போய் நேராகவே கேட்டாள். "குழந்தை வயித்துல இருக்கும்போதே அப்பா யாருன்னு டெஸ்ட் பண்ண முடியுமாம்மா? குழந்தைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். "யாரும்மா கேக்கச் சொன்னாங்க?"

"நான்தான் கேக்கறேன்."

வயிற்றில் ஊசி குத்தி நீர் எடுக்கிற முறை ஒன்று இருக்கிறது, அது இதற்குத் தேவையில்லை என்றாள் டாக்டரம்மா. தாயின் ரத்தத்திலேயே குழந்தையின் அம்சம் கொஞ்சம் கலந்து ஓடுமாம். கையில் ரத்தம் எடுத்தால் போதும். தகப்பனுக்குக் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுப்பார்கள். பத்து வாரம் தாண்டட்டும், பிறகு செய்யலாம். இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

தன் ரத்தத்தில் குழந்தை கலந்து ஓடுகிறது என்பதை அவள் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள். ஆண்டவன் எண் போடாமலா அனுப்புவான் என்று தோன்றியது. பிளாட்பாரத்தில் நின்று ஒரு நிமிஷம் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் புருஷனையும் நாத்தனாரையும் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னாள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். நாத்தனாருக்குத்தான் முகம் சுண்டிப்போனது. இவ்வளவு தூரம் போகும் என்று அவள் நினைக்கவில்லை.

"எதுக்கும்மா அதெல்லாம்? ஏதோ வாய் தவறிப் பேசினது."

"வாய் தவறிச்சு, சரி. பென்சிலும் தவறுமா அண்ணி?" என்றாள் நம்பர் அக்கா. "எந்த லேப்ல பண்றதுன்னு நீங்களே விசாரிச்சுச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சவங்க யாரும் அங்க இருக்கக் கூடாது. ரிசல்ட் வந்ததும் நீங்கதான் படிக்கணும். சத்தமா."

நாத்தனார் நாலு நாள் அலைந்து ஊருக்கு அந்தக் கோடியில் ஒரு லேபைப் பிடித்தாள். இரண்டு பஸ் மாற வேண்டும். 'போகட்டும், தூரமாக இருந்தால் இன்னும் நல்லது' என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஆயத்தம் ஆரம்பித்தது. அவள் எதையும் அரைகுறையாகச் செய்து பழகியவள் இல்லை. கடையில் மிஞ்சிய ரசீதுத் தாளின் பின்பக்கம் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினாள். இரண்டு பேருடைய அடையாள அட்டை. போட்டோ இரண்டிரண்டு. ஸ்கேன் தாள். டாக்டரம்மா சீட்டு. கடைசி வரியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதினாள்: 'ஒரு மணி நேரம் முன்னாலிருந்து அவர் வாயில் எதுவும் போடக் கூடாது. டீ கூடாது. பீடி கூடாது.'

இன்னொரு பையும் தயார் செய்தாள். அதில் நாலு சேலை, சீப்பு, சாமி படம் ஒன்று, தன் நாடாவும் மைப்பேனாவும். கட்டிலுக்கு அடியில் மறைத்து வைக்காமல் கட்டில் மேலேயே வைத்தாள். இஸ்திரிப் பெரியவர் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. கேட்டிருந்தாள், அவர் சாவியையே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்.

"அது என்ன பை?" என்றான் புருஷன்.

"என்னோடது."

"ரிசல்ட் சரியா வந்தாலும் போயிடுவியா?"

"ரிசல்ட் சரியாத்தான் வரும். அது எனக்குத் தெரியும். நான் இங்க இருக்கறதும் போறதும் அந்தத் தாள்ல இல்ல."

அவனுக்கு விளங்கவில்லை. அவளும் விளக்கவில்லை.

பதினோராவது வாரம், குறித்த நாளில் போனார்கள். லேப் வாசலில் இறங்கியதும் அவள் உள்ளே பேர் கொடுக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் மரத்தடியில் நின்று பீடி குடித்துக்கொண்டிருக்கிறான். அவளைப் பார்த்ததும் கீழே போட்டு மிதித்தான்.

"அலமாரியில எவ்வளவு பெரிசா எழுதினேன்."

"மறந்துட்டேன்."

உள்ளிருந்த பெண் கடிகாரத்தைக் காட்டிவிட்டாள். வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரண்டு பேரும் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் போனதும் அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "வா, வீட்டுக்குப் போயிடலாம். எனக்கு இதெல்லாம் வேண்டாம். நான் உன்னை நம்பறேன்" என்றான்.

அவள் இதற்காக எத்தனை நாள் காத்திருந்தாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"ஒரு சட்டை கதை சொல்றேன் கேளுங்க" என்றாள். "நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு சட்டைக்கு நாடா விட்டுப்போச்சு. ஓட்டல்காரர் ஒருத்தர் வந்து, 'என் சட்டை எனக்குத் தெரியாதா, இதுதான்'னு சொன்னார். நல்ல மனுஷன். நம்பிக் கொடுத்துட்டேன். அவரும் நம்பித்தான் வாங்கிட்டுப் போனார். மூணு மாசம் கழிச்சு அவரே கொண்டுவந்து மேஜையில போட்டார். தோள் பிடிக்குதாம், இது தன்னோடது இல்லையாம். அதுக்குள்ள சட்டைக்கு நெசமான சொந்தக்காரன் ஓட்டல் வேலையை விட்டு எங்கயோ போயிட்டான். அந்தச் சட்டை இன்னும் எங்க கடை ஆணியில தொங்குது. யாருக்கும் இல்லாம."

அவன் தன் சட்டைக் காலரைத் தடவிக்கொண்டான்.

"இன்னைக்கு நம்பறீங்க. குழந்தை உங்க ஜாடையில இல்லாமப் போனா? ஒரு நாள் உங்க பேச்சைக் கேக்காமப் போனா? அன்னைக்குத் தோள் பிடிக்கும். எம்பிள்ளை ஆணியில தொங்கக் கூடாதுங்க."

ஒரு மணி நேரம் ஆனதும் அவனே முதலில் எழுந்தான்.

உள்ளே ரத்தம் எடுத்த பெண் குழாய்களைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போனாள். "எண் சீட்டை இப்பவே ஒட்டிடும்மா, நான் பாக்கணும்" என்றாள் நம்பர் அக்கா.

"அதெல்லாம் ஒட்டுவோம்."

"ஒட்டுவீங்க. நான் பாத்துட்டுப் போறேன்."

பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒட்டினாள். நம்பர் அக்கா குனிந்து எண்ணைப் படித்தாள், குழாயில் ஒரு தடவை, லேப் ரசீதில் ஒரு தடவை. புருஷனுடைய பஞ்சுக் குச்சி உறையிலும் படித்தாள். பிறகுதான் முழங்கையிலிருந்த பஞ்சை எடுத்தாள்.

பத்து நாள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். யார் கேட்டாலும் சிரித்தாள். கட்டில் மேலிருந்த பை அப்படியே இருந்தது. அவன் அதை நகர்த்தாமல் ஓரமாக ஒடுங்கிப் படுத்துக்கொண்டான்.

கவர் வந்த அன்று மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நாத்தனார் கண்ணாடியைத் துடைத்தாள், மாட்டினாள், மறுபடி துடைத்தாள். கவரில் கை வைத்தாள். நம்பர் அக்கா புருஷனைப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்து சொன்ன வார்த்தையை அவன் இங்கே சொல்வானா என்று மட்டும் பார்த்தாள். கவரைப் பிரித்த பிறகு அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

"அக்கா, கொஞ்சம் இரு" என்றான் அவன்.

அக்கா நிறுத்தினாள்.

அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அதுல என்ன போட்டிருக்கோ எனக்குத் தெரியாது. பிரிக்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். குழந்தை என்னோடது. அன்னைக்கு நீ வட்டம் போட்டப்பவே நான் இதைச் சொல்லியிருக்கணும். சட்டையை மாட்டிக்கிட்டு வெளியே போனது… அது நான் செஞ்ச தப்பு. உன்மேல பழி போட மாட்டேன்க்கா."

வெல்டிங் பொறிக்கு அஞ்சாத ஆள், அந்த நாலு வரிக்கு வேர்த்துக் கொட்டியிருந்தான்.

நாத்தனார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இதைப் படிக்கணுமா, வேண்டாமா?" என்றாள் சன்னமான குரலில்.

"படிங்க அண்ணி. சத்தமா."

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். முதலில் எண். நம்பர் அக்கா லேப் ரசீதைப் பார்த்து, "சரியா இருக்கு" என்றாள். அடுத்து இரண்டு பேருடைய பேர். அடுத்து நிறைய எண்கள். அவற்றைத் தாண்டச் சொன்னாள். கடைசி வரியை நாத்தனார் இரண்டு தடவை படித்தாள். தகப்பன் இவன்தான் என்று போட்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "என்னை மன்னிச்சுடும்மா" என்றாள்.

"மன்னிக்கறது இருக்கட்டும் அண்ணி. அந்தக் காலண்டரைக் கொண்டு வாங்க."

வந்தது. பென்சில் வட்டத்தை ரப்பரால் அழித்துக் கொடுக்கச் சொன்னாள். நாத்தனார் உட்கார்ந்து பொறுமையாக அழித்தாள். இவள் வாங்கிப் பார்த்து, இன்னும் லேசாகத் தெரிகிறது என்று திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு உள்ளே போய்க் கட்டில் மேலிருந்த பையைத் திறந்து, முதலில் சாமி படத்தை எடுத்து இருந்த இடத்தில் மாட்டினாள். அங்கே நின்றபோதுதான் இத்தனை நாளும் வராத அழுகை வந்தது. அவன் வாசற்படியில் வந்து நின்றான்.

"சேலையை நான் அடுக்கட்டுமா?"

"அடுக்குங்க" என்றாள். "சாவியை நாளைக்குப் பெரியவர்கிட்ட கொடுக்கணும். ஞாபகப்படுத்துங்க."