நாற்றம் இல்லாத மனு

இந்த மலையில் எழுதப்படும் மனுக்களில் பாதி என் கண்ணில் பட்டுத்தான் அலுவலகம் போய்ச் சேரும். பாதி என்பது கொஞ்சம் கூடுதல்தான். சரியாகச் சொன்னால் இரண்டு. இரண்டுமே வில்பட்டி முருகேஸ்வரி எழுதியவை.

முருகேஸ்வரிக்கு ஐம்பத்து நான்கு வயது. கேரட் போடுகிறவள். பிடுங்கிய கேரட்டை ஓடையில் போட்டுக் காலால் மிதித்துக் கழுவினால்தான் சந்தையில் எடுப்பார்கள். போன கோடையில் மேலே ஒரு விடுதிக்காரன் கக்கூஸ் குழாயை அந்த ஓடையில் திருப்பிவிட்டான். கேரட்டோடு என்னென்னவோ காலில் ஒட்டியது. எழுதவே எனக்குக் கை கூசுகிறது. அவள் அதில் கணுக்கால் மூழ்க நின்றாள். வியாபாரி மூட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு வண்டியில் ஏற்ற மறுத்தார். ஓடை சுத்தமாகாவிட்டால் அடுத்த விளைச்சல் வயலிலேயே அழுகும்.

நாயுடுபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் மாதிரி மனு வாங்கி, பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றினாள். என்னிடம் காட்டினாள். கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிரமாதம் என்றேன். ‘இயற்கை அன்னையின் மடியில் தவழும் நீரோடை மாசுற்று, எங்கள் தென்னந்தோப்பு வாடுகிறது’ என்று அதில் இருந்தது. கொடைக்கானல் குளிரில் தென்னந்தோப்பு! அலுவலகத்தில் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது நினைத்தால் ஓடையைவிட அந்த வாக்கியம்தான் குமட்டுகிறது. பிரமாதம் என்ற என் வாயும்தான்.

திரும்பி வந்த மனுவை அவள் ஓடைக்கரையில் கேரட் கழுவும் பெண்களிடம் உரக்கப் படித்தாள். எழுதப் படிக்கத் தெரியாத ராக்காயி, காலைக் கல்லில் தேய்த்துக்கொண்டே கடைசிவரை கேட்டாள்.

“ஏத்தா, எல்லாம் நல்லாத்தான் கெடக்கு. நாத்தத்தைக் காணோமே?”

முருகேஸ்வரி தாளைத் திருப்பி, பின்பக்கம் எழுதினாள். ‘ஐயா, எங்கள் ஓடையில் மலம் மிதக்கிறது. அதில் கழுவிய கேரட்டைத்தான் ஊரே தின்கிறது.’ ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். ராக்காயி முகம் சுளித்த பிறகே அடுத்த வரிக்குப் போனாள். இரண்டு குழாய் என்று எழுதியதைச் சரிபார்க்க மேலே ஏறிப்போய் எண்ணினாள். மூன்று இருந்தன.

இந்த முறை நான் விரல் வைத்துப் படித்தேன். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதிகாரி மனுவைப் படித்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு மலையேறி ஓடினார். அன்று சாயங்காலமே குழாய்களை அடைத்துவிட்டார்கள்.

இதுவரை எழுதியதை முருகேஸ்வரியிடம் படித்துக் காட்டினேன். அவள் கடைசி வரியில் கை வைத்தாள்.

“அன்னைக்கே எங்கங்க அடைச்சாங்க? பதினெட்டு நாளாச்சு. நாலு தடவை போயி நின்னேன். அதை மாத்துங்கம்மா. இதை நம்பி எவளாச்சும் ஒரு தடவை போயிட்டு வீட்டுல உக்காந்துருவா.”