அப்பாவின் அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை?

கிட்னி கெட்டதிலிருந்து அப்பாவுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. இன்று தஞ்சாவூரில் டயாலிசிஸுக்கு முன்னால் நர்ஸ் கேட்டார்:

“அப்பா, அரிப்பே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து. உங்களுக்கு எவ்வளவு?”

அப்பா சீப்பால் முதுகைச் சொறிந்துகொண்டே யோசித்தார்.

“கதிரடிச்சுட்டுக் குளிக்காமப் படுத்தா நெல்லுச் சுணை அரிக்கும் பாருங்க, அதுதான் பத்து. இதெல்லாம் ரெண்டு.”

பனியன் முதுகில் ரத்தத் திட்டு. ரெண்டுக்கெல்லாம் டாக்டர் மாத்திரை எழுத மாட்டார்.

அம்மா குறுக்கே வந்தார். “அவருக்கு ரெண்டுன்னே இருக்கட்டும்மா. அவர் சொறியிற சத்தத்துல ராத்திரி முழுக்க முழிச்சுக் கெடக்குறேனே, எனக்குப் பத்து போடு.”

நர்ஸ் சிரித்துக்கொண்டே பத்து போட்டார். மாத்திரை கிடைத்துவிட்டது.

ஊர் திரும்பும் ஒரத்தநாடு பஸ்ஸில் அப்பா அம்மாவை விட்டு வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார். இறங்கும்போதுதான் அம்மாவிடம் முணுமுணுத்தார்: “ஒரு அஞ்சோட நிறுத்தியிருக்கலாம்.”

உங்கள் வீட்டு அப்பாக்கள் எத்தனை சொல்வார்கள்? அம்மாவைக் கேட்டு எழுதுங்கள்.