தட்டில் பன்னிரண்டு கார்க்

மொரிசெத்துக்குப் பிடிக்காதவர்களின் பட்டியல் நீளம். கீரை சாலடைக் கத்தியால் வெட்டித் தின்கிறவர்கள். ரொட்டியைக் குப்புறப் போட்டு வைக்கிறவர்கள். நாய்க்குச் சட்டை மாட்டி விடுகிறவர்கள். அரை மணி நேரத்தில் மாட்டுக்கறி வெந்துவிடும் என்று சத்தியம் பண்ணி குக்கர் விற்கிறவர்கள். இத்தனை பேருக்கும் மேலே, தனி நாற்காலி போட்டு அவள் உட்கார வைத்திருந்த ஒரு கூட்டம் உண்டு. விலை உசந்த ஒயினைக் கறிச்சட்டியில் ஊற்றுகிறவர்கள்.

இந்த வெறுப்பு சும்மா வந்ததல்ல. பத்தொன்பது வயதில் திஜோன் நகரத்தில் ஒரு பல் டாக்டர் வீட்டில் அவள் வேலைக்கு இருந்தாள். டாக்டர் மனைவி ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து கொடுப்பாள். ஒரு பாட்டில் விலைக்கு ஒரு சைக்கிள் வாங்கலாம். "முழுசும் ஊத்து, கஞ்சத்தனம் பண்ணாதே" என்பாள். மொரிசெத் ஊற்றினாள். கேரட், சின்ன வெங்காயம், காளான், உப்புப் போட்ட பன்றிக்கொழுப்பு எல்லாம் போட்டு மூன்று மணி நேரம் கொதிக்க விட்டாள். ருசி பார்த்தால், அவள் அம்மா ரேஷன் மாதிரி அளந்து ஊற்றும் நாட்டு ஒயினில் வைக்கிற அதே குழம்பு. மறுவாரம் அந்தச் சைக்கிள் விலைப் பாட்டிலைத் தன் அறையில் ஒளித்துவிட்டு, மூலைக்கடையில் வாங்கிய ஒயினில் கறி வைத்தாள். டாக்டர் விரலை நக்கிக்கொண்டு, "போன வாரத்தைவிட இன்னிக்குப் பிரமாதம்" என்றார். அன்றோடு பணக்காரர்களின் நாக்கு மேல் அவளுக்கு இருந்த மரியாதை போயிற்று. அவர் மற்றவர்களின் வாயைப் பார்த்தே பிழைத்தவர் என்பது வேறு விஷயம்.

அதற்காக அவள் கண்டதையும் ஊற்றுகிறவள் இல்லை. புளித்துப்போன ஒயினோடு யாராவது அடுப்படிப் பக்கம் வந்தால் துரத்துவாள். "குடிக்க முடியாததை ஊத்தினா திங்க முடியாததுதான் வரும். அதுக்காக வைரத்தைப் போட்டா வேகவைப்பாங்க? கொதிக்கக் கொதிக்க வாசம் புகைபோக்கி வழியாப் போயிரும். அதோட சேர்ந்து விலையும் போயிரும். சட்டியில மிஞ்சுறது புளிப்பும் நிறமும்தான். அதுக்கு ரோட்டோரம் போதும்."

ரோட்டோரம் என்பது ஒயினின் பேர். ஓர்வில் ஊரில் லா கோம்ப் என்கிற திராட்சைத் தோட்டத்தில்தான் மொரிசெத் இருபத்தேழு வருஷமாகச் சமைக்கிறாள். அங்கே மண்ணைப் பொறுத்துதான் மரியாதை. குன்றின் நடுச்சரிவில் காய்க்கிற பழத்தின் ஒயின் கப்பல் ஏறி எங்கெங்கோ போகும். கீழே லாரி போகிற ரோட்டோரத்துத் துண்டு நிலத்தின் ஒயின் வேலைக்காரர்களுக்கும் சட்டிக்கும். இரண்டுக்கும் நடுவே நடந்தால் ஐந்து நிமிஷம்.

மொரிசெத்தின் புருஷன் அர்மான் அங்கேயே நிலவறையில் வேலை பார்த்தான். முப்பத்தாறு வருஷம். பீப்பாய் பீப்பாயாகப் போய், கண்ணாடிக் குழாயால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, வாயில் வைத்துக் குலுக்கி, தரையில் கிடக்கும் சரளைக்கல்லில் துப்புவான். பிறகு சொல்வான்: இது சரி, இது இன்னும் ரெண்டு மாசம். ஒயின் விஷயத்தில் அவன் வாயிலிருந்து பொய் வந்ததே இல்லை. ஒருமுறை பழைய முதலாளி வெளியூர் வியாபாரியைக் கூட்டிவந்து ஒரு பீப்பாயைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது, அர்மான் பக்கத்தில் நின்று, "அது கெட்டுப்போச்சு முதலாளி" என்று சொல்லிவிட்டான். முதலாளி ஒரு மாசம் அவனோடு பேசவில்லை. கார்த்திகை மாசம் போல குளிர் தொடங்கும்போது அர்மான் ஓய்வு பெறப் போகிறான். இது அவனுடைய கடைசி அறுவடை.

அறுவடை முடிந்ததும் தோட்டத்தில் விருந்து. அந்த விருந்துக்கு ஒயின்கறி, அதாவது ஒயினில் வேகவைத்த மாட்டுக்கறி, மொரிசெத் கையால்தான். அப்படித்தான் இருந்தது, தோட்டத்தைப் பாரிஸ்காரர்கள் வாங்கும் வரை. புது முதலாளியம்மா மதாம் வெர்தியே, விருந்துக்கு நாலு நாள் முன்னால் அடுப்படிக்கு வந்தாள். வெள்ளைக் கால்சட்டை. அடுப்படிக்கு வெள்ளைக் கால்சட்டையோடு வருகிறவளைப் பற்றி மேலே ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

"மொரிசெத், இந்த வருஷம் பத்திரிகைக்காரங்க வர்றாங்க. கறியை நடுச்சரிவு ஒயின்லதான் சமைக்கணும்."

"குடிக்கவா மதாம்?"

"சமைக்க. மெனு கார்டுல அச்சடிக்கக் குடுத்தாச்சு."

மொரிசெத் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கரண்டியைக் கீழே வைத்தால் விவரம் தெரிந்தவர்கள் கதவுப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். மதாம் நகரவில்லை.

"அதைக் கொதிக்க வெக்கிறதும் சாக்கடையில ஊத்துறதும் ஒண்ணுதான் மதாம்."

"உங்களுக்குச் சிரமமா இருந்தா சொல்லுங்க. லியோன்ல இருந்து ஒரு சமையல் கம்பெனி வரத் தயாரா இருக்கு. இனிமே வருஷா வருஷம் அவங்களே பாத்துக்குவாங்க."

அடுப்பு மொரிசெத்தின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதன் இடது பக்கம் சூடு அதிகம், கதவை முழங்காலால் ஓர் இடி இடித்தால்தான் மூடும். இருபத்தேழு வருஷத்தில் அவள் முழங்காலில் அதற்கென்றே ஒரு தழும்பு விழுந்திருந்தது. லியோன்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

"சிரமம் என்ன சிரமம்" என்றாள். "எத்தனை பாட்டில்?"

"பன்னிரண்டு. கார்க்கை எல்லாம் ஒரு தட்டுல அடுக்கி வைங்க. கார்க்குலதான் பேரும் வருஷமும் இருக்கு. விருந்தாளிங்க மேஜையில வைக்கணும்."

சாயங்காலம் வீட்டில் அர்மான் சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டிருந்தான். மொரிசெத் விஷயத்தைச் சொன்னாள். சொன்னாள் என்பதைவிட ஜன்னல் கண்ணாடி அதிரக் கத்தினாள் என்பது சரி.

"அவங்க ஒயின், அவங்க சட்டி" என்றான் அர்மான். "நமக்கென்ன?"

"நீ அதைக் குடிச்சிருக்கியாய்யா?"

"தினம் வாயில வெக்கிறேனே."

"வாயில வெக்கிறது குடிக்கிறதா? பல் டாக்டர்கூடத்தான் என் வாயில கை வெச்சான். முழுங்கியிருக்கியா?"

அர்மான் யோசித்தான். "முழுங்கினா மத்தியானத்துக்குள்ள பீப்பாய்க்கு நடுவுல விழுந்து கிடப்பேன். நாப்பது பீப்பாய் இருக்கு."

"ஒரு டம்ளர்? ஒரே ஒரு டம்ளர்? உக்காந்து, கால் நீட்டி?"

"அது விக்கிற சரக்கு மொரிசெத்."

அதில் கொஞ்சமாவது வருத்தம் இருந்திருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். மழை வருது என்கிற மாதிரி சொன்னான். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

"செத்த மாட்டுக்குப் பன்னிரண்டு பாட்டில் ஊத்துவாங்களாம். உயிரோட இருக்கிற மனுஷனுக்கு ஒரு டம்ளர் கிடையாதாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரங்களைத் தேய்த்தாள். அவை ஏற்கெனவே தேய்த்த பாத்திரங்கள். தேய்த்து முடிக்கும்போது அவள் முடிவு பண்ணியிருந்தாள். அர்மான் அதைக் குடிக்காமல் இந்தத் தோட்டத்தை விட்டுப் போகக் கூடாது.

விருந்துக்கு முந்தின நாள் காலை அர்மானே பன்னிரண்டு பாட்டிலையும் சுமந்து வந்து அடுப்படி மேஜையில் வைத்தான். லேபிள் இல்லை. ஓர்வில்லில் ஆர்டர் வந்த பிறகுதான் லேபிள் ஒட்டுவார்கள். அதுவரை பாட்டில்கள் அம்மணமாக அடுக்கில் கிடக்கும். முன்னால் ஒரு சிலேட்டில் சாக்கட்டியால் எழுதி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். ரோட்டோரமும் அதே பாட்டிலில்தான் வரும். வெளியே இருந்து பார்த்தால் பிரபுவுக்கும் பிச்சைக்காரனுக்கும் ஒரே கோட்டு.

மதாம் காவலுக்கு வந்து நின்றாள். மொரிசெத் ஒவ்வொன்றாகக் கார்க்கைப் பிடுங்கித் தட்டில் வைத்தாள். பன்னிரண்டும் ஆயிற்று.

"ஊத்தலையா?"

"முதல்ல மூச்சு விடட்டும் மதாம். விலை உசந்த ஒயின் இல்லையா? அவசரப்பட்டா கோவிச்சுக்கும்."

கொதிக்கப் போகிற ஒயினுக்கு மூச்சு எதற்கு என்று ஒரு கழுதைகூடக் கேட்டிருக்கும். மதாம் தனக்குத் தெரிந்த விஷயம்போல் ஆழமாகத் தலையை ஆட்டினாள். தட்டில் இருந்த கார்க்குகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். பாட்டிலைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டியது கார்க்.

கதவு மூடியதும் மொரிசெத் இழுப்பறையிலிருந்து பழைய கார்க்குகளை அள்ளி, பன்னிரண்டு பாட்டிலையும் அடைத்து, பத்து வருஷமாகப் பற்ற வைக்காத ரொட்டி அடுப்புக்குள் படுக்க வைத்தாள். கறியை ரோட்டோர ஒயினில் ஊறப் போட்டாள். தைம் என்கிற வாசனை இலை இரண்டு கொத்து கூடவே போட்டாள். பத்திரிகைக்காரர்கள் எழுதுவதற்கு ஏதாவது வேண்டுமே.

மறுநாள் மத்தியானம் விருந்தாளிகள் கூடத்தில், துணி விரித்த மேஜையில். பழம் பறித்தவர்கள் பின்பக்கம், தொட்டிகளில் திராட்சைச் சாறு நொதித்து மணக்கிற கொட்டகையில், பலகை போட்ட மேஜையில். கறி இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். கொட்டகையில் மேஜையின் தலைப்பக்கம் அர்மான் உட்கார்ந்திருந்தான். காலையில் மதாம் அவனுக்குப் பிரிவுப் பரிசு கொடுத்திருந்தாள். ஒரு ஏப்ரன். நெஞ்சில் தோட்டத்தின் பேர் பொன் நூலில். முப்பத்தாறு வருஷத்துக்கு ஒரு முழத் துணி.

மொரிசெத் பன்னிரண்டு பாட்டிலையும் அந்த மேஜையில் வரிசையாக வைத்தாள். அர்மானுக்கு மட்டும் தனியாகக் கொடுத்தால் தொட மாட்டான். எல்லாரும் குடித்தால் குடிப்பான். அவன் டம்ளரில் அவளே ஊற்றினாள்.

அர்மான் மூக்கருகே கொண்டுபோனான். ஒரு வாய் எடுத்தான். கன்னத்துக்குள் அப்படியும் இப்படியும் குலுக்கினான். பிறகு தலையை லேசாகச் சாய்த்து, தரையில் துப்பினான்.

"யோவ் பாவி மனுஷா!" மொரிசெத் போட்ட கத்தலில் கொட்டகையே திரும்பியது. "துப்பிட்டியேய்யா!"

அர்மான் தரையைப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான். யாரோ வேறு ஒருத்தர் துப்பியதைப் பார்க்கிற மாதிரி இருந்தது அவன் முகம்.

மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து அதெலினோ, வருஷா வருஷம் போர்ச்சுகலிலிருந்து பழம் பறிக்க வருகிறவன், குரல் கொடுத்தான். "மொரிசெத் அக்கா, இன்னிக்கு ஒயின் என்னக்கா இப்படி? வழக்கமானதுல ஒரு உறைப்பு இருக்கும். லெமனேட் இருந்தா குடுங்க, கலந்துக்கறேன்."

"வாளியில இருக்கு. எடுத்து உன் தலையில ஊத்திக்க" என்றாள் மொரிசெத். ஏழைகளின் நாக்கு மேல் இருந்த மரியாதையும் அந்த இடத்தில் கொஞ்சம் குறைந்தது.

"மொரிசெத்" என்றான் அர்மான் தணிந்த குரலில். "சட்டியில என்ன இருக்கு?"

"ரோட்டோரம்."

"அவங்களுக்குத் தெரிஞ்சா உன் அடுப்பு போயிரும்."

"போனா போகுது. நீ குடி." சொன்னாளே தவிர, கை பாவாடையை இறுக்கிப் பிடித்திருந்தது.

அப்போதுதான் மதாம் வந்தாள். கையில் கறித்தட்டு, பின்னால் ஒரு பத்திரிகைக்காரன். "இவர்தான் எங்க அர்மான். இந்த ஒயினை இவரைவிட யாருக்கும் தெரியாது. ருசி பாத்துச் சொல்லுங்க அர்மான்."

அர்மான் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து மென்றான். வெகுநேரம் மென்றான். மொரிசெத்துக்கு அந்தக் கெட்டுப்போன பீப்பாய் ஞாபகம் வந்தது. முழங்கால் தழும்பு அரித்தது.

"நல்லா இருக்கு" என்றான். "மொரிசெத் எதுல வெச்சாலும் நல்லா இருக்கும் மதாம்."

"அந்த நடுச்சரிவு தெரியுது, இல்லையா?"

அர்மான் அவசரமாக இன்னொரு பெரிய ரொட்டித்துண்டை எடுத்து வாய் முழுக்க அடைத்துக்கொண்டான். வாயில் சோறு இருக்கும்போது பேசக் கூடாது என்று அவன் அம்மா வளர்த்த பிள்ளை. கன்னம் இரண்டும் உப்ப, மதாமைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"பாத்தீங்களா, பேச்சே வரல" என்றாள் மதாம். பத்திரிகைக்காரன் அதையும் எழுதிக்கொண்டான். போகிறபோது மதாம் திரும்பினாள். "மொரிசெத், அடுத்த வருஷமும் நீங்கதான். இருபத்துநாலு பாட்டிலா எடுத்துக்கலாம்."

"சரிங்க மதாம்" என்றாள் மொரிசெத், பல் டாக்டர் வீட்டில் சொன்ன அதே குரலில்.

அவர்கள் போனதும் அர்மான் ரொட்டியை விழுங்கினான். டம்ளரை எடுத்தான். காலை நீட்டிக்கொண்டான். குடித்தான். மொரிசெத் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு தரம் ஏறி இறங்கியது. இன்னொரு தரம். டம்ளர் காலியாயிற்று.

"எப்படிய்யா இருக்கு?"

அர்மான் நாக்கைச் சப்பிப் பார்த்தான். ஒயின் விஷயத்தில் பொய் சொல்லாத மனுஷன்.

"குடிக்கலாம்" என்றான்.

"குடிக்கலாமா! அடுப்பை அடமானம் வெச்சுக் கொண்டாந்திருக்கேன், குடிக்கலாமாம்! தரையில துப்புறவனுக்குத் தேடிப்பிடிச்சுக் கொண்டாந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

அர்மான் காலி டம்ளரை அவள் பக்கம் நீட்டினான். மொரிசெத் விளிம்பு வரை ஊற்றினாள், ஒயின் தெரிந்த யாரும் அப்படி ஊற்ற மாட்டார்கள். பிறகு பொன் நூல் தைத்த புது ஏப்ரனை எடுத்து, கண்ணைத் துடைத்து, அதிலேயே மூக்கையும் சிந்தினாள். அதற்காவது உதவியது.