ஏழாம் அறைக்காரருக்கு ஒரு வேலை

பாஸ்டருக்கு மூன்று மாத விடுப்பு என்று ஞாயிறு ஆராதனையின் முடிவில் அறிவித்தார்களோ இல்லையோ, சபையில் எழுந்த முணுமுணுப்பு ஒலிபெருக்கியையே அமுக்கிவிட்டது.

"எதுக்கு லீவாம்?"

"தியானம் பண்ணி மனசப் புதுப்பிச்சுக்கவாம்."

"தியானம் பண்றதுதானே அவரு வேலையே! வேலை பாக்கறதுக்கு லீவா?"

கமிட்டிச் செயலாளர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாசலிலேயே பாஸ்டரை மடக்கிவிட்டார். "முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு நாள்கூட இப்படிப் போனதில்ல, பாஸ்டர்."

"போயிருந்தா பேங்குக்காவது நிம்மதியா இருந்திருக்கும்" என்று பாஸ்டரம்மா வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார். பள்ளிக்கூடத்து டீச்சர் அவர். வாய்க்குள் சொல்வதும் கடைசி பெஞ்சுவரை கேட்கும்.

உண்மை என்னவென்று பாஸ்டருக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு வருடமாக அவருக்குத் தனியாக ஜெபம் வரவில்லை. ஊருக்காக என்றால் தட்டினால் கொட்டும். ஆஸ்பத்திரிக்கு ஒரு குரல், கல்யாணத்துக்கு ஒரு குரல், புதுக் காருக்கு ஒரு குரல் என்று இருபத்திரண்டு வருடப் பழக்கம். ஆனால் அறைக் கதவைச் சாத்தி, மண்டியிட்டு, "ஆண்டவரே" என்று ஆரம்பித்தால் அடுத்த வார்த்தை கிடையாது. சபைக் கழிப்பறையில் ஒழுகும் குழாய்தான் நினைவுக்கு வரும். ஒருமுறை எப்படியோ முட்டி மோதி நாலு வரி வந்தது. முடிக்கும்போது, "இந்தக் குடும்பத்தாரை ஆசீர்வதியும், வீட்டுக்காரரின் முழங்கால் வலியை நீக்கும்" என்று முடித்தார். எந்தக் குடும்பம், யார் முழங்கால் என்று அவருக்கே தெரியவில்லை. அன்றைக்குத்தான் அவருக்கு நிஜமாகவே பயம் பிடித்துக்கொண்டது.

ராஜினாமாக் கடிதம் ஒன்றை எழுதி, தேதி போடாமல் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். தியான இல்லத்தில் நாற்பது நாள். அதற்குள் தனக்கென்று ஒரு ஜெபம் வரவில்லையென்றால் தேதியைப் போட்டுவிடுவது என்று முடிவு. தன்னிடமே இல்லாததை வாராவாரம் மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை.

மனைவிக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார், பாவம். பஸ் கிளம்பும்போது ஜன்னலருகே வந்து பாஸ்டரம்மா சொன்னார்: "பைபிள்ல இருக்கற கடுதாசி கசங்காம கவர்ல போட்டு வச்சிருக்கேன். ரெண்டு எடத்துல தப்பு இருந்துச்சு, பென்சில்ல சுழிச்சிருக்கேன். பாத்துக்கங்க."

பாஸ்டர் பதில் சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

பக்கத்து இருக்கைக்காரர் சும்மா இருக்கிறாரா? எங்கே போகிறீர்கள், என்ன வேலை என்று விசாரித்தார். போதகர் என்றதும் முகம் மலர்ந்துபோய், தன் மச்சானின் குடிப்பழக்கம், தம்பியின் வழக்கு, தன்னுடைய அல்சர் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட, பாஸ்டர் பஸ்ஸிலேயே மூன்று ஜெபம் செய்து முடித்தார்.

அதனால்தான் தியான இல்லத்தின் பதிவுப் படிவத்தில் 'தொழில்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. போதகர் என்று எழுதினால் சாயங்காலத்துக்குள் அறை வாசலில் வரிசை நிற்கும். யோசித்துப் பார்த்து, 'வேலை இல்லை' என்று எழுதினார். விடுப்பில் இருப்பவனுக்கு வேலை இல்லைதானே, இது பொய்யில் சேராது என்று தனக்குத்தானே ஒரு குட்டிப் பிரசங்கமும் செய்துகொண்டார். பொறுப்பாளர் அம்மா படிவத்தைப் படித்தார், ஐம்பது வயது மனிதரை ஏற இறங்கப் பார்த்தார், கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு ஏழாம் எண் அறையின் சாவியைக் கொடுத்தார்.

மறுநாள் காலை, கூடத்து அறிவிப்புப் பலகையில் ஜெபக் குறிப்புகளைப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'ஏழாம் அறைச் சகோதரருக்கு வேலை கிடைக்க' என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தது.

அந்த இல்லத்தில் காலை முதல் மாலைவரை மௌனம். வாயால் பேச முடியாதவர்கள் கண்ணால் பேசினார்கள். எதிரில் வந்தவர்களெல்லாம் பாஸ்டரைப் பார்த்து உச்சுக்கொட்டாத குறை. மூன்றாம் நாள் யாரோ அவர் அறைக் கதவுக்கு அடியில் செய்தித்தாள் துண்டொன்றைத் தள்ளிவிட்டிருந்தார்கள்: 'இரவுக் காவலர் தேவை. ஐம்பத்தைந்து வயதுக்குள்.' அடுத்த நாள் 'லிஃப்ட் ஆபரேட்டர்'. பாஸ்டர் வெட்கத்தில் செத்துப்போனார்.

பேசாமல் இருப்பது அவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை. பேச அனுமதி உள்ள ஒரே இடம் சமையலறை என்று தெரிந்ததும், உதவி செய்கிறேன் என்று அங்கே போய் ஒட்டிக்கொண்டார். சமையல்காரம்மா அவரைவிடப் பத்து வயது இளையவள், கை வேகமாக ஓடும், வாய் அதைவிட வேகம். வெங்காயக் கூடையை அவர் முன்னால் வைத்துவிட்டாள்.

"அண்ணே, பொடியா வெட்டுங்க. கல்லு மாதிரி வெட்டினா எப்ப வேகறது?"

"சரி, தங்கச்சி."

நாள் முழுக்க வெங்காயமும் பாத்திரமுமாகப் போயிற்று. ஆனால் அறைக்குத் திரும்பி மண்டியிட்டால் அதே "ஆண்டவரே", அதே குழாய். பதினெட்டு நாள் ஓடிவிட்டது. கடிதத்தை எடுத்துப் பார்த்தார். பென்சில் சுழிகள் இரண்டும் அவரைப் பார்த்து முழித்தன.

பத்தொன்பதாம் நாள், உண்மையைச் சொல்லிவிடுவோம் என்ற முடிவோடு சமையலறைக்குப் போனார். வாயைத் திறப்பதற்குள் சமையல்காரம்மா முந்திக்கொண்டாள்.

"அண்ணே, தெனம் உங்களுக்காகக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். இன்னும் ஒண்ணும் அமையலையே. இன்னிக்கு உங்கள வச்சுக்கிட்டே கேட்டுடறேன், இருங்க."

கையில் கரண்டியோடு கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, இந்த அண்ணன் நல்ல மனுஷன். வெங்காயம் கொஞ்சம் பெருசா வெட்டறாரு, அதத் தவிர கொறை சொல்ல ஒண்ணுமில்ல. ஜனங்கன்னா இவருக்கு உசிரு. நாலு பேரோட பேசிப் பழகற மாதிரி ஒரு வேலையாப் பாத்துக் குடுங்க. வெளிய சிரிக்கறாரு, உள்ள என்னமோ போட்டு அரிச்சுக்கிட்டிருக்கு, உங்களுக்குத் தெரியாததில்ல. வீட்ல அக்கா வேற காத்துக்கிட்டிருப்பாங்க. சீக்கிரம் பண்ணுங்க. ஆமென்."

கண்ணைத் திறந்து அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். பாஸ்டர் ஆமென் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை. எத்தனை தலைகளில் கை வைத்திருப்பார், எத்தனை பேருடைய மனுவைச் சுமந்துபோயிருப்பார்! தன் பேரில் ஒரு மனு போய் அவர் காது கேட்டதேயில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"நாந்தான் சொன்னேனே, வெங்காயத்தத் தண்ணில போட்டு வெட்டுங்கன்னு" என்றாள் அவள், திரும்பாமலேயே.

அறைக்கு ஓடினார். மண்டியிடக்கூட இல்லை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "ஆண்டவரே, அந்தத் தங்கச்சி கேட்டத எனக்குக் குடுங்க" என்று வாய் தானாகச் சொன்னது. பிறகு இரண்டு வருடமாகச் சேர்ந்துகிடந்ததெல்லாம் வந்தது. சலிப்பு, பயம், செயலாளர்மேல் இருந்த கடுப்பு எல்லாம் வந்தது. மதியச் சாப்பாட்டு மணி அடித்தது அவருக்குக் கேட்கவேயில்லை.

சாயங்காலம் போய் எல்லாவற்றையும் சமையல்காரம்மாவிடம் கொட்டினார். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"பாஸ்டரா! அடக் கடவுளே, ஒரு பாஸ்டரையா அடிப்பிடிச்ச சட்டியத் தேய்க்க விட்டேன்? அது சரி, பாஸ்டரா இருந்துக்கிட்டுப் பொய் எழுதலாமா?"

"தப்புதாம்மா."

கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஏன் பாஸ்டர், நீங்க ஊருக்கெல்லாம் ஜெபம் பண்றீங்க. உங்களுக்கு யாரு பண்றா?"

"யாருமில்ல" என்றுதான் பாஸ்டர் சொன்னார். சொல்லிவிட்டு, அது சரிதானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஞாயிறுதோறும் அலுவலகத் தொலைபேசியில் பத்து நிமிடம் பேசலாம். அந்த ஞாயிறு வீட்டுக்குப் பேசினார்.

"கடுதாசி என்னாச்சு?" என்பதுதான் பாஸ்டரம்மாவின் முதல் கேள்வி.

"கிழிச்சிட்டேன்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் பாஸ்டர். "நீ எனக்காக ஜெபம் பண்ணுவியா?"

"பண்ணுவியாவா? கல்யாணமான நாள்லேருந்து தெனம் பண்றேன். நீங்கதான் பக்கத்துல உக்காந்து கண்ண இறுக்கி மூடிக்கிட்டு ஊராருக்குப் பண்ணிட்டிருப்பீங்க. எப்பப் பாத்தீங்க, எப்பக் கேட்டீங்க?"

பாஸ்டர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். "இப்பப் பண்ணு. சத்தமா. கேக்கறேன்."

பாஸ்டரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். பத்து நிமிடம் தாண்டியதும் பொறுப்பாளர் அம்மா எழுந்து வந்து சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். பாஸ்டர் கண்ணை மூடியிருந்ததால் பார்க்கவில்லை.